மணிமாலையின் மகிமை

(ஒரு வாசகசாலையின் ஆண்டுவிழாவில் செய்த சொற்பொழிவு)



இன்று என்னைப் பேசும்படி அழைத்த தோழர்கள், "எதைப்பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள், ஆனால் பெண்களும் பிள்ளைகளும் வருவார்கள், அவர்களுக்கும் விளங்கும்படி இருக்கட்டும்" என்று கேட்டுக்கொண்டார்கள். நான் எந்தக் காலேஜிலும் படித்தவன் அல்ல. பள்ளிக்கூடத்தை விட்டுக் கடைக்கு வேலைக்குப் போய், பொட்டலம் கட்டுகிற காகிதத்தையெல்லாம் படித்துப் படித்து ஏதோ நாலு விஷயம் தெரிந்து கொண்டவன். ஆகையால் பெரிய தத்துவம் ஒன்றையும் எடுத்துக்கொள்ளாமல், உங்களில் அநேகர் கழுத்திலும் கையிலும் இந்த நிமிஷமே இருக்கின்ற ஒரு சின்னச் சாமானைப்பற்றிப் பேசலாமென்று வந்திருக்கின்றேன். அதாவது மணி, கோத்துப் போடுகிற மணி.

ரயிலடியிலிருந்து வரும் வழியில் தேர்த் திருவிழாக் கடைகள் போட்டிருந்தார்கள். ஒரு மணிக்கடைக்காரரிடம் தினுசுக்கு ஒன்றாக வாங்கி, இதோ இந்தத் தட்டில் வைத்திருக்கின்றேன். வாங்கும்போதே அவர் ஒவ்வொன்றுக்கும் குணம் சொன்னார். உருத்திராட்சம் இரத்தக் கொதிப்புக்கு, ஸ்படிகம் உஷ்ணத்துக்கு, துளசிமணி தொண்டைக்கு, பவளம் செவ்வாய்க்கு, முத்து மனக்கலக்கத்துக்கு, கறுப்பு மணி கண்ணேறுக்கு என்று அடுக்கிக்கொண்டே போனார். நடுவில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. நெடுநேரம் இருமினார். "இவ்வளவு வைத்திருக்கின்றீர்களே, இந்த இருமலுக்கு எந்த மணி போடுகின்றீர்கள்?" என்று கேட்டேன். "அதற்கு ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகின்றேன்" என்றார். (சிரிப்பு) அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. வயிற்றுப் பிழைப்புக்காகச் சொல்லுகின்றார். தன் விஷயம் என்று வரும்போது உண்மையையும் சொல்லிவிட்டார். வாங்கிப் போடுகிற நாம்தான் யோசிக்க வேண்டியவர்கள்.

முதலாவது உருத்திராட்சத்தை எடுத்துக்கொள்ளுவோம். இது ஒரு மரத்தின் பழத்துக்குள் இருக்கிற கொட்டை. மாங்கொட்டை எப்படியோ, இலந்தைக் கொட்டை எப்படியோ, அப்படியே இதுவும். நேபாளத்திலும், இந்தோனேசியாவிலும், நம் தேசத்தின் சில மலைகளிலும் அந்த மரம் வளருகின்றது. அதன் பழம் நல்ல நீலமாக இருக்கும். அதில் ஓர் ஆச்சரியம் என்னவென்றால், அந்தத் தோலில் நீலச்சாயமே கிடையாது. தோலுக்குள் இருக்கிற மிக நுண்ணிய அடுக்குகளில் வெளிச்சம் பட்டுத் திரும்பும்போது நமக்கு நீலமாகத் தெரிகின்றது. மயில் தோகையின் நிறமும் இந்த மாதிரிதான். ஆச்சரியப்பட வேண்டுமானால் இதற்கு ஆச்சரியப்படலாம். நமக்குச் சொல்லிக் கொடுத்ததோ, அது சிவனுடைய கண்ணீர் என்பது. வருஷா வருஷம் இந்தோனேசியாவில் மூட்டை மூட்டையாக அறுவடை செய்து கப்பலில் ஏற்றுகின்றார்களே, இவ்வளவு கண்ணீர் விடும்படி அவருக்கு என்ன துக்கம் என்று நீங்களே கேட்டுப் பாருங்கள்.

இதில் முகம் என்று ஒன்று சொல்லுகின்றார்கள். ஒருமுகம், ஐந்துமுகம், பதினோரு முகம் என்று. பழத்தின் உள்ளே விதை அறை எத்தனை உண்டோ, கொட்டையின்மேல் அத்தனை கோடு விழும், அதுதான் முகம். ஆரஞ்சுப் பழத்தில் சுளை சில சமயம் ஒன்று கூடவும் ஒன்று குறையவும் இருக்கவில்லையா? பெரும்பாலும் ஐந்து அறைதான் வரும். ஆகவே ஐந்துமுகம் மலிவு. ஒருமுகம் வருவது அபூர்வம். ஆகவே அதற்கு ஆயிரக்கணக்கில் விலை. அபூர்வமாகக் கிடைப்பதற்கு விலை அதிகம் என்பது கத்தரிக்காய்ச் சந்தைக்கும் பொருந்துகிற சட்டம். அதிலே தெய்வசக்தி எங்கே வந்தது? விலை ஏற ஏறக் கைவேலையும் ஏறுகின்றது. கத்தியால் கோடு செதுக்கி முகத்தைக் கூட்டுகின்றார்கள். கோட்டை அடைத்துக் குறைக்கின்றார்கள். இரண்டு கொட்டையைப் பசைபோட்டு ஒட்டி, இரட்டையாகவே காய்த்தது என்று விற்கின்றார்கள். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் சிவமும் சக்தியும் தனித்தனியே வந்துவிடுகின்றன. (சிரிப்பு)

இது வேடிக்கையோடு போகுமானால் எனக்கும் ஆட்சேபனை இல்லை. இரத்தக் கொதிப்புக்காரர் ஒருவர், மாலை இருக்கின்றதே என்று மாத்திரையை நிறுத்திவிட்டால், கை கால் இழுத்துக்கொண்டு படுக்கையில் கிடப்பவர் அவர். மாலை விற்றவர் அல்ல.

துளசிமணி வெறும் செடித் தண்டு, கடைந்து துளைபோட்டது. அதைப்பற்றி அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்தது ஸ்படிகம். இது பூமியில் கிடைக்கிற பளிங்குக்கல். இரசாயன சாஸ்திரப்படி பார்த்தால் நம் ஆற்று மணலில் பெரும்பங்கு எதுவோ அதுவேதான் இதுவும். மணலை உப்புக்காரமும் சுண்ணாம்பும் சேர்த்து உருக்கினால் கண்ணாடி. பூமிக்குள் அதே சரக்கு சுத்தமாகவும் ஒழுங்காகவும் உறைந்தால் ஸ்படிகம். கழுத்தில் போட்டால் குளுகுளு என்று இருக்கின்றதே, அது பொய்யா என்று கேட்பீர்கள். பொய்யல்ல. விடியற்காலையில் மரப்பலகையைத் தொட்டுவிட்டு இரும்புக் கடப்பாரையைத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே அறையில் கிடந்தவை. ஆனாலும் இரும்பு ஜில்லென்று இருக்கும். ஏன்? நம் விரலின் சூட்டை அது சீக்கிரமாக இழுத்துக் கொள்ளுகின்றது. ஸ்படிகமும் கண்ணாடியைவிட வேகமாகச் சூட்டைக் கடத்தும். உதட்டில் வைத்துப் பார்த்தால் எது கண்ணாடி, எது ஸ்படிகம் என்று கண்டுபிடித்து விடலாம். ஆனால் சில நிமிஷத்தில் அதுவும் நம் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். பிறகு அது யாருடைய உஷ்ணத்தைத் தணிக்கும்?

இனி, பவளம். இதில் என் குடும்பத்துச் சங்கதி ஒன்று இருக்கின்றது, சொல்லிவிடுகின்றேன்.

என் தகப்பனார் தறி நெய்தவர். என் அக்காளுக்கு வரன் பார்த்த காலத்தில் ஒரு சோதிடர் ஜாதகத்தைப் புரட்டி, செவ்வாய்த் தோஷம் இருக்கின்றது, ஐந்து குன்றிமணி எடையில் பவளம் வாங்கிப் பதக்கமாகப் போட்டால் மூன்று மாதத்தில் தாலி ஏறும் என்றார். பவளமும் அவரே தருவித்துக் கொடுத்தார். அதற்காக என் தாயார் காதிலிருந்த தோடு அடகுக்குப் போயிற்று, போனது போனதுதான். அக்காள் அந்தப் பதக்கத்தை மூன்று மாதமல்ல, மூன்று வருஷம் போட்டிருந்தாள். வந்த வரன்கள் எல்லாம் தோஷம் என்ற வார்த்தையைக் கேட்டே திரும்பிப் போயின. பிறகு எங்கேயோ ஒரு புத்தகத்தில் படித்தேன், உண்மைப் பவளத்தைச் சுரண்டி அந்தத் தூளில் எலுமிச்சம்பழச் சாறு விட்டால் பொறுக்குப் பொறுக்காக நுரை கிளம்பும் என்று. சுரண்டிச் சாறு விட்டேன். ஒரு நுரையும் காணோம். சாயக் கண்ணாடி!

அதைக் கொண்டுபோய் என் தாயாரிடம் காட்டினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்ன சொன்னார் தெரியுமா? "அதுதானே பார்த்தேன்! நிஜப் பவளமாக இருந்திருந்தால் தோஷம் போயிருக்குமே" என்றார்.

தோழர்களே, அன்றுதான் எனக்கு ஒரு விஷயம் விளங்கிற்று. போலிச் சரக்கைக் காட்டிக்கொடுத்து விட்டால் மூடநம்பிக்கை ஒழிந்துவிடும் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அப்படியல்ல. போலி இருப்பதே நம்பிக்கைக்கு ஒரு காவல். பலிக்காவிட்டால் கல் போலி, பலித்தால் கல் அசல். சோதிடன் எந்தப் பக்கம் விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாது. ஆகையால் அசல் எது என்பதோடு நில்லாமல், அந்த அசல்தான் என்ன என்று கேட்கவேண்டும்.

அசல் பவளம் என்பது என்ன? கடலுக்கடியில் கூட்டங் கூட்டமாக ஒட்டி வாழுகின்ற மிகச் சிறிய பிராணிகள் கட்டிக்கொள்ளுகிற கூடு. சுண்ணாம்பு. நம் வீட்டுக் கிளிஞ்சல், கோழிமுட்டை ஓடு எல்லாம் என்ன சுண்ணாம்புச் சத்தோ அதேதான். அதனால்தான் புளிப்புப் பட்டவுடன் நுரைக்கின்றது. நகைக்கு ஆகிற சிவப்புப் பவளம் பண்டைக்காலந்தொட்டு முக்கியமாக வந்தது இத்தாலிக்குப் பக்கத்து மத்தியதரைக் கடலிலிருந்து. ரோமாபுரியில் பிளினி என்கிற ஆசிரியர் 1-ம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கின்றார்: நம் பெண்கள் இந்தியாவின் முத்துக்கு எப்படி ஆசைப்படுகின்றார்களோ, அப்படி இந்தியர்கள் நம் பவளத்துக்கு ஆசைப்படுகின்றார்கள் என்று. அங்கே கிடைப்பதற்கு இங்கே மதிப்பு. இங்கே கிடைப்பதற்கு அங்கே மதிப்பு. இதில் செவ்வாய்க் கிரகம் எந்தத் துறைமுகத்தில் கப்பல் ஏறிற்று?

என் அக்காள் பிறகு ஒரு தோழரை ஜாதகம் பாராமல் மணந்துகொண்டு சுகமாக இருக்கின்றாள். தாலியைப்பற்றி இன்று நான் பேசவில்லை; அதற்கு ஒரு தனிக் கூட்டம் வேண்டும்.

பவளத்தைச் சொல்லிவிட்டு மற்ற எட்டு இரத்தினங்களை விட்டுவிட்டால் அவை கோபித்துக்கொள்ளும். ஒன்றிரண்டை மட்டும் சொல்லுகின்றேன். சோதிட சாஸ்திரப்படி மாணிக்கம் சூரியனுக்கு உரியது. நீலம் சனிக்கு உரியது. சூரியனும் சனியும் தகப்பனும் பிள்ளையுமாம். ஆனால் ஜன்மப் பகையாம். ஆகையால் மாணிக்கத்தையும் நீலத்தையும் சேர்த்துப் போட்டால் குடும்பம் பாழ் என்று பயமுறுத்துகின்றார்கள். இரசாயன சாஸ்திரக்காரன் இரண்டையும் பரீட்சை பண்ணிப் பார்த்தான். இரண்டும் ஒரே கல்! குருந்தக்கல். குருந்தம் என்கிற நம் தமிழ்ச் சொல்லையே இங்கிலீஷ்காரனும் கொரண்டம் என்று எடுத்துக்கொண்டான். அலுமினியமும் பிராணவாயுவும் சேர்ந்தது. அதிலே குரோமியம் என்கிற உலோகம் துளி கலந்தால் சிவப்பு, மாணிக்கம். இரும்பும் டைட்டேனியமும் துளி கலந்தால் நீலம். கனகபுஷ்பராகம் என்று குருவுக்காக விற்கின்ற மஞ்சள் கல்லும் அதே குருந்தம்தான். நிறமும் பளபளப்பும் இல்லாமல் அழுக்காகக் கிடைத்தால் அதைச் சாணை பிடிக்க வைத்துக்கொள்ளுகின்றோம். அரிவாள் தீட்டுகிறவன் சக்கரத்தில் தினமும் சூரியனும் சனியும் குருவும் சேர்ந்தே சுற்றுகின்றார்கள். அவன் குடும்பம் பாழாகவில்லை. (கைதட்டல்)

அதுமட்டுமா? 1902-ல் பிரெஞ்சு தேசத்தில் வெர்நுயி என்பவர், அலுமினியச் சுண்ணத்தைத் தூளாக்கி நெருப்புச் சுவாலையில் உருக்கிச் சொட்டவிட்டு மாணிக்கம் செய்யும் வழியை உலகத்துக்குச் சொன்னார். பூமியில் தோண்டினதற்கும் இதற்கும் சரக்கில் வித்தியாசம் இல்லை. கடிகாரத்துக்குள் அச்சாணி சுழலுவதற்கு வைக்கின்ற சிவப்புக் கல் அதுதான். சூரிய பகவான் இரும்பு உலையில் பிறக்கச் சம்மதித்தாரா என்று சோதிடர்களைக் கேளுங்கள். வைரத்துக்கும் அடுப்புக்கரிக்கும் சரக்கு ஒன்று என்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளே உங்களுக்குச் சொல்லுவார்கள்.

முத்தைப்பற்றி ஒரு கதை. சுவாதி நட்சத்திரத்தில் விழுகின்ற மழைத்துளியைச் சிப்பி வாய்திறந்து குடித்தால் முத்தாகும் என்பது. சிப்பி கிடப்பது கடலின் அடித்தரையில். மழைத்துளி அங்கே போய்ச் சேருவதற்குள் உப்புத்தண்ணீராகிவிடும். உண்மை என்னவென்றால், சிப்பியின் சதைக்குள் ஏதேனும் பூச்சியோ துணுக்கோ புகுந்து காயப்படுத்தினால், அது தன் ஓட்டின் உட்புறத்துக்குப் பூசுகிற அதே பளபளப்பான சுண்ணாம்பை அந்தத் துணுக்கைச் சுற்றியும் அடுக்கடுக்காகப் பூசிவிடுகின்றது. சிப்பிக்கு வந்த புண்ணுக்கு அது போட்ட கட்டுதான் நம் முத்து. இந்த இரகசியத்தைப் பிடித்துக்கொண்டு 1893-ல் ஜப்பானில் மிக்கிமோத்தோ என்பவர் மனிதன் கையால் சிப்பிக்குள் துணுக்கு வைத்து முத்து விளைவித்தார். 1973-ல் நம் தூத்துக்குடியிலேயே மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் அதைச் செய்து காட்டினார்கள். அங்கே பழைய முறைப்படி கடலில் முத்துக்குளித்தது 1961-ஓடு நின்றுவிட்டது.

அந்தப் பழைய முத்துக்குளிப்பில் ஒரு வேடிக்கை நடந்திருக்கின்றது. 13-ம் நூற்றாண்டில் நம் பாண்டிநாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ என்கிற வெனிஸ்காரர் எழுதியிருக்கின்றார். மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலில் குதிக்கிறவன் ஒருவன்; மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுகிறவன் வேறொருவன். மந்திரக்காரனுக்குக் கிடைத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு. அவன் இராத்திரியானால் மந்திரத்தை அவிழ்த்து விட்டுவிடுவானாம். ஏனென்றால் இருட்டில் எவனாவது திருட்டுத்தனமாக முங்கி முத்தெடுத்துவிடக் கூடாதல்லவா? சுறாவுக்குக்கூட உத்தியோக நேரம் வைத்திருந்தார்கள்! (சிரிப்பு) அதற்கப்புறம் அறுநூறு வருஷம் கழித்து வந்த வெள்ளைக்காரச் சர்க்காரும் இலங்கை முத்துக்குளிப்பில் "கடல்கட்டி" என்ற பெயரால் அதே உத்தியோகத்தை வைத்துப் படியளந்தது. அவர்களுக்கு அதில் நம்பிக்கை உண்டா என்றால் இல்லை. கடல்கட்டி வராவிட்டால் குளிகாரர் குதிக்க மாட்டார்கள் என்பதற்காக. நூற்றுக்கணக்கான படகுகளின் கூச்சலுக்கே சுறா ஒதுங்கிவிடும் என்று அக்காலத்தில் பார்த்தவர்கள் எழுதியிருக்கின்றார்கள். மூச்சடைத்தவனுக்கு ஒரு பங்கு. முணுமுணுத்தவனுக்கும் ஒரு பங்கு. கவனியுங்கள், இந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

நிற்க. இவ்வளவு நேரம் மணியில் சக்தி இல்லை, சக்தி இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்தேனே, அப்படியானால் மணியில் ஒன்றுமே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கின்றது. மணியில் இருப்பது மனிதனுடைய கை.

ஈரோட்டுப் பக்கம் நொய்யலாற்றின் கரையில் கொடுமணல் என்று ஒரு கிராமம். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று நகைவேலைக்குப் பேர்பெற்ற ஊராக வருவது அதுதான் என்கின்றார்கள். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே தோண்டிப் பார்த்ததில், இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய மணித் தொழிற்கூடங்களின் அடையாளங்கள் கிடைத்தன. பளிங்கு, சூதுபவளம், பெரில் என்கிற நீலப்பச்சைக் கல். முழுசாக முடிந்ததும், பாதி செய்ததும், துளை போடும்போது உடைந்து எறிந்ததுமாக. பெரில் பக்கத்திலே படியூரில் உண்டு. சூதுபவளமோ இந்தப் பிரதேசத்தில் கிடையாது. அது குஜராத்துப் பக்கமிருந்து வந்திருக்கவேண்டும். எங்கேயோ கிடந்த கல்லை வரவழைத்து இங்கே மணியாக்கி வேறெங்கேயோ அனுப்பின ஒரு தொழில், ரயிலும் தபாலும் இல்லாத காலத்தில் நடந்திருக்கின்றது. முன்னே சொன்னேனே பிளினி, அவர் இன்னொன்றும் எழுதியிருக்கின்றார்: இந்தியர்கள் பளிங்குக்குச் சாயமேற்றிப் பெரில் மாதிரியே போலிக்கல் செய்வதில் கெட்டிக்காரர்கள் என்று. போலிக்கும் நமக்கு இரண்டாயிரம் வருஷத்துச் சரித்திரம் உண்டு!

புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-ல் வீலர் துரை தோண்டினார். ரோமாபுரிப் பானை ஓடு அகப்பட்டது என்று எல்லாரும் அதையே பேசினார்கள். ஆனால் அங்கே மண்ணோடு மண்ணாகக் கிடந்த, கடுகும் மிளகுமான கண்ணாடி மணிகளின் கதை அதைவிடப் பெரிது. உருகின கண்ணாடியைக் குழாயாக நீட்டி இழுத்து, அதைத் துண்டு துண்டாக நறுக்கி, சாம்பலோடு சேர்த்துச் சூட்டில் கிளறி முனை மழுங்கச் செய்வது அந்த வித்தை. அந்தத் தினுசு மணி ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கொரியா, ஜப்பான் வரையில் கிடைக்கின்றது. அதே இழுப்பு முறையை 20-ம் நூற்றாண்டின் கடைசியிலும் ஆந்திராவில் திருப்பதிப் பக்கத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் சிலர் கைவிடாமல் செய்துகொண்டிருந்ததை ஆராய்ச்சிக்காரர் நேரில் பார்த்து எழுதியிருக்கின்றார்கள். எந்த இராஜா எந்தக் கோயிலுக்கு எத்தனை பசு கொடுத்தான் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கின்ற நாட்டிலே, இந்த வித்தையை முதன்முதல் கண்டுபிடித்தவன் பேர் ஒரு கல்லிலும் இல்லை.

கல்மணிக்குத் துளைபோடுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்லுகின்றேன். சிந்துவெளியில் கிடைத்த நீளச் சூதுபவள மணிகளை எப்படித் துளைத்தார்கள் என்று, அதே மாதிரிக் கல் ஊசி செய்து சோதித்துப் பார்த்தார்கள். ஒரு மணிநேரத்துக்கு இரண்டரை மில்லிமீட்டர் இறங்கிற்று. அப்படியானால் நாலு அங்குல மணி ஒன்றுக்கு நாற்பது மணிநேரம் வில்லை இழுத்துக்கொண்டே இருக்கவேண்டும். கடைசியில் உடையாமலும் இருக்கவேண்டும். அந்த மணி ஈராக்கில் ஊர் என்கிற பழைய பட்டணத்தில் இராஜகுடும்பத்துச் சமாதிகளில் கிடைத்திருக்கின்றது. நாலாயிரத்தைந்நூறு வருஷத்துச் சமாதிகள்.

அந்த வேலையின் வாரிசுகள் இப்பொழுதும் இருக்கின்றார்கள். குஜராத்தில் காம்பே, அதாவது கம்பாத் என்கிற ஊர். இதோ தட்டில் இருக்கிற இந்தச் சிவப்புச் சூதுபவளம் அங்கிருந்து வந்த மாதிரிதான். ரத்தன்பூர்ப் பக்கத்து மண்ணிலிருந்து கல்லை எடுத்து, வெயிலில் உலர்த்தி, மண்சட்டியில் வைத்து எருமுட்டை நெருப்பில் சுடுகின்றார்கள். கல்லுக்குள் இருக்கிற இரும்புச்சத்து சூட்டில் மாறிச் சிவப்பாகின்றது. பச்சை மண் செங்கல் ஆகிறபோது சிவக்கவில்லையா, அதே சங்கதி. தரையில் நட்ட இரும்பு முளையின்மேல் கல்லை வைத்து, எருமைக்கொம்பில் செய்த சுத்தியால் தட்டிச் சில்லுச் சில்லாக உருவத்துக்குக் கொண்டுவருகின்றார்கள். இரும்புச் சுத்தியானால் கல் பிளந்துபோம். கொம்பானால் நினைத்த இடத்தில் பெயரும். இதைக் கண்டுபிடித்தவனை விஞ்ஞானி என்று சொல்லாமல் வேறு என்ன சொல்லுவது? பிறகு சாணைச் சக்கரத்தில் தேய்த்து உருட்டுகின்றார்கள். முனையில் வைரத் துணுக்கு வைத்த ஊசியால் துளைக்கின்றார்கள்.

அந்தச் சாணைச் சக்கரத்தில்தான் எமன் உட்கார்ந்திருக்கின்றான். கல்லைத் தேய்க்கும்போது எழும்புகிற தூளில் கண்ணுக்குத் தெரிகிறது தொந்தரவில்லை, தும்மினால் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூள் மூச்சோடு நுரையீரலின் அடிவரையில் போய்த் தங்கிவிடுகின்றது. அங்கே தழும்பு விழுந்து, நுரையீரல் பஞ்சாக இருப்பது போய்த் தோலாக இறுகுகின்றது. சிலிக்கோசிஸ் என்று பேர். வந்தபின் குணப்படுத்த மருந்து கிடையாது. அதன் பின்னாலேயே க்ஷயரோகமும் வந்து சேருகின்றது. அகமதாபாத்தில் இருக்கின்ற தேசியத் தொழில்சார் உடல்நல நிலையத்தார் காம்பே மணித் தொழிலாளர்களைப் பரிசோதித்து இதை உறுதி செய்திருக்கின்றார்கள். தேய்க்கிறவனுக்கு மாத்திரமல்ல, வேலை வீட்டிலேயே நடப்பதால் பக்கத்தில் சமைக்கிற பெண்சாதிக்கும், தவழுகிற குழந்தைக்கும் அதே காற்று. 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் இந்த வியாதியின் பேர் இருந்தது. ஆனால் அது தொழிற்சாலைக்குச் சட்டம். திண்ணைக்குச் சட்டம் அல்ல.

இந்தக் கல்லை ஏன் ஜனங்கள் வாங்குகின்றார்கள்? ஆயுள் விருத்திக்காம், திருஷ்டி படாமல் இருக்கவாம். இதிலே இந்து, முஸ்லீம் என்ற வித்தியாசம் இல்லை. அவர்கள் அகீக் என்று மோதிரம் போடுகின்றார்கள், நம்மவர்கள் ராசிக்கல் என்று போடுகின்றார்கள். ஒருவன் ஆயுள் விருத்திக்காக ஒருவன் ஆயுளைத் தேய்த்துக் கொடுக்கின்றான். அந்தக் கல்லுக்கு உண்மையிலேயே சக்தி இருந்தால், நாள் முழுதும் அதைக் கையில் வைத்திருக்கிறவனையல்லவா அது முதலில் காப்பாற்ற வேண்டும்? சக்கரத்தின்மேல் தண்ணீர் சொட்டவிட்டால் தூள் அடங்கும். தூளை இழுத்துக்கொள்ளுகிற விசிறி வைத்தால் இன்னும் குறையும். மந்திரம் வேண்டாம், கொஞ்சம் தண்ணீரும் ஒரு மோட்டாரும் போதும். கோயில் உண்டியலில் போடுகிற பணத்தில் எத்தனை மோட்டார் வாங்கலாம் என்று நான் கணக்குப் போட்டுச் சொல்லப் போவதில்லை.

இது செய்கிறவன் கதை. போட்டுக்கொள்ளுகிறவள் கதை ஒன்றையும் சொல்லி முடிக்கின்றேன். பழைய திருவாங்கூரில் புலையர் என்று தாழ்த்தி வைத்திருந்த ஜாதிப் பெண்கள் தங்கமோ வெள்ளியோ போடக்கூடாது, மார்பை மூடக்கூடாது, கழுத்தில் கல்லும் கண்ணாடியுமான மணிமாலைதான் கட்டிக்கொண்டு திரியவேண்டும். கல்லுமாலை என்று பேர். அது நகையல்ல, தோழர்களே! மாட்டுக்குப் போடுகிற மணி மாதிரி, தூரத்தில் வரும்போதே இவள் இன்ன ஜாதி என்று மற்றவன் தெரிந்து ஒதுங்குவதற்காகப் போட்ட அடையாளம். 1907-ல் சாதுஜன பரிபாலன சங்கத்தை ஏற்படுத்திய அய்யன்காளி, இந்த மாலையை அறுத்தெறியுங்கள், இரவிக்கை போடுங்கள் என்றார். கொல்லத்துக்குப் பக்கத்தில் பெரிநாடு என்ற இடத்தில் பெண்கள் அப்படிச் செய்யத் தொடங்கினதும், மேல்ஜாதிக்காரர்கள் அடித்தார்கள், குடிசைகளைக் கொளுத்தினார்கள். பெரிய கலகமாயிற்று. அந்த 1915-ம் வருஷத்திலேயே கொல்லத்தில் ஒரு சர்க்கஸ் கூடாரத்து மைதானத்தில் கூட்டம் போட்டார்கள். ஆயிரக்கணக்கான ஜனங்கள். அங்கே மேடைக்கு முன்னால் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, கழுத்திலிருந்த மாலையைக் கழற்றிப் போட்டார்கள். குவியலாகக் குவிந்துவிட்டதாம். வானம் இடிந்து விழவில்லை. கண்ணேறும் பட்டுவிடவில்லை. மணி கண்ணாடியாகவும் கல்லாகவும் கீழே கிடந்தது, அவ்வளவுதான்.

என்னுடைய நேரம் முடிந்துவிட்டதாகத் தலைவர் மணியடிக்கின்றார். அதுவும் ஒரு மணி! (சிரிப்பு) பார்க்க அழகாக இருக்கிறதென்று ஒரு பாசிமணியைப் பெண்கள் போட்டுக்கொள்ளுவதற்கு நான் விரோதியல்ல. நம் கொடுமணல்காரன் செய்ததும் அழகுக்காகத்தான். இந்தத் தட்டில் உள்ளவற்றைக் கூட்டம் கலைந்ததும் பிள்ளைகள் வந்து எடுத்துக்கொண்டு போகலாம். எலுமிச்சம்பழம் ஒன்றும் வைத்திருக்கின்றேன், பவளத்தைச் சோதித்துப் பாருங்கள். ஆனால் ஓரத்தில் இருக்கிற சிவப்பும் கறுப்புமான இந்தக் குன்றிமணிமாலையை மாத்திரம் யாரும் தொடவேண்டாம். தட்டான் எடைபோடுகிற குன்றிமணி என்று அலட்சியமாக நினைக்காதீர்கள். அதன் பருப்பில் கொடிய விஷம் இருக்கின்றது. தோல் முழுசாக இருந்தால் விழுங்கினாலும் அநேகமாக அப்படியே வெளியே போய்விடும். மாலைக்காக ஊசியால் துளைத்துவிட்டாலோ, மென்றுவிட்டாலோ, குழந்தையின் உயிருக்கே ஆபத்து. திருவிழாக் கடையில் இது தாராளமாக விற்கின்றது. வீட்டில் வாங்கி வைத்திருக்கிற தாய்மார்கள் இன்று இராத்திரியே எடுத்துக் குழிதோண்டிப் புதைத்துவிடுங்கள். குழந்தை எதாவது வாயில் போட்டு மென்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால், மந்திரிக்கிறவனிடம் ஓடாமல், மீதி மணியையும் கையில் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.